நம்ம ஈஸ்டா, வெளி ஈஸ்டா? பீர் ஆலைத் தரக்கட்டுப்பாட்டில் ஈஸ்டை விரைவாக அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துக் கல்லூரிகளில் மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு, பெங்களூரு, புதுச்சேரி பீர் ஆலைகளின் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. போன சில நாட்களிலேயே உற்பத்திப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வரும்: "டேங்க் ரெடி. இந்த ஈஸ்டை அடுத்த பேட்ச்சுக்குப் போடலாமா?" அவர்களுக்கு வேண்டியது இன்றைக்கே ஒரு பதில். "தட்டில் பூசியிருக்கிறேன், அஞ்சு நாளில் சொல்கிறேன்" என்றால் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பலரும் இங்கே செய்வது, கையில் இருப்பதிலேயே வேகமான கருவியை நோக்கி ஓடுவது. வேகம் கருவியில் இல்லை, கேள்வி கேட்கும் வரிசையில் இருக்கிறது. முதல் கேள்வி, இது நாம் போட்ட நம்ம ஈஸ்டா, தானாக வந்து கலந்த வெளி ஈஸ்டா? இரண்டாவது, வெளி ஈஸ்ட் என்றால் பீரைக் கெடுக்கக்கூடியதா? மூன்றாவதாகத்தான் அதன் பெயர். கல்லூரியில் நாம் பெயரில் தொடங்கிப் பழகியிருக்கிறோம். ஆலையில் பெயர் பல நேரம் தேவையே படாது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், பீர் கெட்டுப்போவதற்கு பாக்டீரியா மட்டுமல்ல, கூடவே கலந்துவிடும் காட்டு ஈஸ்டும் காரணம் என்று காட்டினார். 1883-இல் ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த தூய ஈஸ்டை அந்த ஆலை உற்பத்தியில் இறக்கியது. இன்று நாம் செய்கிற சோதனைகள் எல்லாமே அந்தத் தூய்மையைக் காவல் காக்கிற வேலைதான்.

தொடங்கும் முன்: பழகுவதற்கு என்ன வேண்டும்

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது. கள்ளுக்கும் 1987 முதல் தடை. அதனால் வீட்டில் பீர் காய்ச்சிப் பழகலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அடையாளம் காணப் பழகுவதற்கு பீரே தேவையில்லை. ஈஸ்டும், அதை வளர்க்கும் கூழ் ஊடகம் ஊற்றிய அகார் தட்டும் போதும்.

ஈஸ்ட் ஊரெல்லாம் இருக்கிறது. பேக்கரிக்காரர் வைத்திருக்கும் ஈஸ்ட், சாக்கரோமைசஸ் செரிவிசியே. கழுவாத திராட்சையை மலட்டு நீரில் குலுக்கி அந்த நீரைப் பூசினால் எலுமிச்சை வடிவ ஹான்சனியாஸ்போரா கிடைக்க நல்ல வாய்ப்பு. மாவடு ஜாடியில் உப்பு நீரின் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தால் அது பெரும்பாலும் படல ஈஸ்ட், பிச்சியாவோ கேண்டிடாவோ. ஆப்ப மாவிலிருந்து எடுத்தால் பாக்டீரியாக் கூட்டமும் சேர்ந்து வரும், ஊடகத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக் போட்டு அதை அடக்குங்கள். கோடையில் சுண்ணாம்பு போதாமல் புளித்துப்போன பதநீர் கிடைத்தால் ஒரு லூப் அளவு போதும், ஒரே தட்டில் நாலைந்து வகைக் காலனிகளைப் பார்க்கலாம்.

ஆனால் இவை பழகுவதற்கு மட்டும். ஒப்பீட்டுக்கு உறுதியான பெயர் தெரிந்த கல்சர் வேண்டும். சண்டிகரில் எம்டிசிசி, புனேயில் என்சிஐஎம் என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகங்கள் இரண்டிலும் வாங்கலாம். ஒரு லாகர் ஈஸ்ட் (குளிரில் நொதிக்கும் பீருக்கு), ஒரு ஏல் ஈஸ்ட் (சற்று வெப்பத்தில் நொதிக்கும் பீருக்கு), ஒரு பிச்சியா, ஒரு பிரெட்டனோமைசஸ், கிடைத்தால் டயஸ்டாட்டிகஸ் வகை (பாட்டிலுக்குள்ளும் நொதித்துக்கொண்டே இருக்கும் செரிவிசியே) ஒன்று. சித்திரை, வைகாசியில் ஆர்டர் செய்யாதீர்கள். கூரியர் வண்டியில் இரண்டு நாள் வெந்த லாகர் கல்சர் உயிரோடு வந்து சேரும் என்று நம்ப முடியாது.

இன்னொன்று, குளிர்விக்கும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர். சாதாரண இன்குபேட்டர் சூடேற்றும், குளிர்விக்காது. கோடையில் இங்கே அறை வெப்பமே 37 டிகிரியைத் தாண்டும்போது, 25 டிகிரி என்று எழுதி மேசையில் வைத்த தட்டு உண்மையில் வேறொரு சோதனையைச் செய்துகொண்டிருக்கும். உள்ளே ஒரு தெர்மாமீட்டரை நிரந்தரமாக வையுங்கள். மின்சாரம் போய் வந்த நேரங்களையும் குறித்து வையுங்கள்.

படி 1: மாதிரி எடுப்பது

ஆலையில் எடுக்கவேண்டிய இடங்கள்: மறுபயன்பாட்டுக்குச் சேமித்த ஈஸ்ட் குழம்பு, வெப்பமாற்றியைத் தாண்டி வரும் குளிர்ந்த வோர்ட் (இன்னும் நொதிக்காத மால்ட் சாறு), நொதித்தல் டேங்க், வடிகட்டிய பீர் டேங்க், டேங்க் கழுவிய கடைசி நீர், பாட்டில் நிரப்பும் மூக்குகளின் ஸ்வாப். மாதிரிக் குழாயை ஸ்பிரிட் வைத்துச் சுட்டு, முதலில் வரும் பீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். இதைச் செய்யாதவர்கள் பல நேரம் டேங்க்கை அல்ல, குழாயின் வாயைத்தான் பரிசோதிக்கிறார்கள்.

குழம்பில் ஈஸ்ட் கோடிக்கணக்கில் இருக்கும், நீர்த்துத்தான் பூச வேண்டும். வடிகட்டிய பீரில் நிலைமை தலைகீழ். குறைந்தது 100 மி.லி. பீரை வாயு போக்கி, 0.45 மைக்ரான் சவ்வில் வடிகட்டி, அந்தச் சவ்வை அகார் மேல் வைக்க வேண்டும்.

படி 2: மைக்ரோஸ்கோப், பத்து நிமிடம்

முதலில் உயிரோட்டம், அதாவது நூற்றில் எத்தனை செல் உயிரோடு இருக்கிறது. ஈஸ்ட் குழம்பை நீர்த்து, அதே அளவு 0.01 சதவீத மெத்திலீன் புளூ சேர்த்து, செல் எண்ணும் நியூபார் அறையில் ஏற்றுங்கள். உயிருள்ள செல் சாயத்தை நிறமிழக்கச் செய்து தெளிவாக நிற்கும், செத்தது அடர்நீலமாகத் தெரியும். இடைப்பட்ட வெளிர்நீலம்தான் புதியவர்களைக் குழப்பும். அதற்கு ஒரு விதியை ஆய்வகத்தில் எல்லோரும் ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள், ஆளுக்கொரு கணக்கு வரக்கூடாது. மொட்டு தாய்ச்செல்லில் பாதி அளவை எட்டவில்லை என்றால் இரண்டையும் சேர்த்து ஒன்று. சாயம் கலந்து பத்து நிமிடத்துக்குள் எண்ணி முடியுங்கள். அதற்கு மேல் சாயமே செல்லைக் கொல்லத் தொடங்கும், எண்ணிக்கை பொய்யாகிவிடும். உயிரோட்டம் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் மெத்திலீன் புளூ கொஞ்சம் தாராளமாக மார்க் போடும், அப்போது மெத்திலீன் வயலெட் நம்பகமானது.

அப்புறம் வடிவம். சாக்கரோமைசஸ் 5 முதல் 10 மைக்ரான் வரை முட்டை வடிவம். இரு முனையும் கூம்பி எலுமிச்சைபோல் இருந்தால் ஹான்சனியாஸ்போரா. ஒரு பக்கம் மட்டும் கோபுர வளைவுபோல் கூர்ந்திருந்தால் பிரெட்டனோமைசஸாக இருக்கலாம். மொட்டே விடாமல் நடுவில் சுவர் விழுந்து இரண்டாகப் பிளந்தால் ஸ்கைசோசாக்கரோமைசஸ். நீளச் செல்கள் சங்கிலியாகக் கோத்திருந்தால் பிச்சியா, கேண்டிடா மீது சந்தேகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மறுபயன்பாட்டு ஈஸ்டில் 10 லட்சம் செல்லுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே வெளி ஈஸ்ட் இருக்கலாம் என்பது பல ஆலைகளின் அளவுகோல். மைக்ரோஸ்கோப்பில் நீங்கள் பார்ப்பது சில நூறு செல்கள். மூட்டை அரிசியில் இருக்கும் ஒரு கல்லை, ஒரு பிடி அள்ளிப் பார்த்துத் தேடுவதுபோல. மைக்ரோஸ்கோப்பில் வெளி ஈஸ்ட் கண்ணில் பட்டுவிட்டால் விஷயம் ஏற்கெனவே கைமீறிவிட்டது என்று அர்த்தம். படவில்லை என்றால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. "மைக்ரோஸ்கோப்பில் சுத்தமாக இருந்தது" என்று அறிக்கை எழுதுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, எனக்கு அது பிடிப்பதே இல்லை.

படி 3: நம்ம ஈஸ்டை அடக்கி, வெளி ஈஸ்டை வளர்ப்பது

விஷயத்தின் நடுமையம் இதுதான். பத்து லட்சத்தில் ஒன்றைக் கண்ணுக்குக் காட்ட வேண்டுமானால், மீதி அத்தனையையும் வளரவிடாமல் செய்ய வேண்டும்.

லைசின் அகார். சாக்கரோமைசஸ் ஈஸ்டுகளால் லைசின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் நைட்ரஜன் மூலமாக வைத்து வளர முடியாது. பிச்சியா, கேண்டிடா, ஹான்சனியாஸ்போரா போன்ற பலவற்றால் முடியும். ஈஸ்டை மலட்டு நீரில் மூன்று முறை கழுவுங்கள். கழுவாமல் பூசினால் வோர்ட்டில் மிச்சமிருக்கும் அமினோ அமிலங்களைத் தின்று நம்ம ஈஸ்டே ஊசிமுனைக் காலனிகளாக எட்டிப் பார்க்கும், பார்க்கிறவர் பதறிப்போவார். கழுவிய பின் எண்ணி, தட்டுக்கு 10 லட்சம் செல் பூசி, 25 டிகிரியில் மூன்றிலிருந்து ஐந்து நாள். தெளிவாகப் பெருத்த காலனிகளை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இரண்டு தட்டு கூடுதலாக: ஒன்றில் தூய ஆலை ஈஸ்ட், இன்னொன்றில் பிச்சியா. முதலாவது வெறுமையாகவும் இரண்டாவது நிறைந்தும் இருந்தால்தான் நடுத்தட்டின் பேச்சை நம்பலாம்.

லைசினின் ஓட்டை எதுவென்றால், காட்டு சாக்கரோமைசஸ். அதுவும் லைசினில் வளராது, ஆகவே சத்தமில்லாமல் தப்பிவிடும். அதற்குத்தான் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் காப்பர் சல்பேட் சேர்த்த ஊடகம். ஆலை ஈஸ்டுகள் பலவும் தாமிரத்துக்கு ஒடுங்கும், காட்டு வகைகள் பலவும் தாங்கும். எல்லா ஆலை ஈஸ்டும் ஒடுங்காது, எல்லாக் காட்டு ஈஸ்டும் தாங்காது. உங்கள் ஈஸ்டை முதலில் பல அளவுகளில் பூசிப் பார்த்து, அது நிற்கிற எல்லையைக் கண்டுபிடித்த பிறகே இந்தச் சோதனையை அட்டவணையில் சேருங்கள்.

சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த தட்டில் சாக்கரோமைசஸ் அடங்கிவிடும், பிரெட்டனோமைசஸ் தாங்கி வளரும். பொறுமை வேண்டும், ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த மருந்து நல்ல விஷம், கையுறை இல்லாமல் எடை போடாதீர்கள்.

எதையும் அடக்காத டபிள்யூஎல்என் அகாரும் ஒன்று இருக்கட்டும். புரோமோகிரிசால் பச்சை கலந்த நீலப்பச்சைத் தட்டு. நாலாம் நாள் மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பேக்கரி ஈஸ்ட் வழவழப்பாக, மேடாக, வெண்ணெய் நிறத்தில் லேசான பச்சைச் சாயலோடு நிற்கும். ஹான்சனியாஸ்போரா தட்டையாக, அடர்ந்த பச்சையாகப் படுத்திருக்கும். பிச்சியா காய்ந்து, மடிப்பு விழுந்து, பளபளப்பே இல்லாமல் இருக்கும். பிரெட்டனோமைசஸ் பொடிக் காலனி, அது விடுகிற அமிலத்தால் சுற்றியுள்ள பச்சை மஞ்சளாக மாறும். ஒரே ஈஸ்ட் என்று நினைத்த குழம்பில் இரண்டு நிறம் தெரிந்தால், இரண்டையும் தனித்தனியாகக் கோடிழுத்துத் தூய்மைப்படுத்துங்கள். இந்தத் தட்டைப் படிக்கிற கண் பழகப் பழகத்தான் வரும், அதற்கு மாவடு ஜாடியும் திராட்சையும் நல்ல வாத்தியார்.

படி 4: செலவு குறைந்த மூன்று கேள்விகள்

தட்டில் வந்த காலனி சாக்கரோமைசஸ் போலத் தெரிகிறது. நம்முடையதா? டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆருக்கு ஓடும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

முதலாவது, 37 டிகிரி. ஏல் ஈஸ்ட் அந்த வெப்பத்தில் வளரும், லாகர் ஈஸ்ட் வளராது. லாகர் ஆலை என்றால் 37 டிகிரி தட்டில் இரண்டு மூன்று நாளில் முளைக்கிற எதுவும் அந்நியன். ஏல் ஆலைக்கு இந்தச் சோதனையால் பயனில்லை.

இரண்டாவது, மெலிபயோஸ். லாகர் ஈஸ்டான சாக்கரோமைசஸ் பாஸ்டோரியானஸ் ஒரு கலப்பினம். செரிவிசியே ஒரு பெற்றோர். இன்னொன்றான யூபயானஸ், 2011-இல் பட்டகோனியாக் காடுகளிலிருந்து அறிவிக்கப்பட்டது. மெலிபயோஸை உடைக்கும் ஆல்பா காலக்டோசிடேஸ் லாகர் ஈஸ்டிடம் உண்டு, ஏல் ஈஸ்டிடம் பொதுவாகக் கிடையாது. எக்ஸ்-ஆல்பா-கால் என்ற சேர்மம் கலந்த தட்டில் லாகர் காலனி நீலப்பச்சை ஆகும், ஏல் வெள்ளையாகவே இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டையும் காய்ச்சுகிற சிறு ஆலைகளில் ஒன்றோடொன்று கலந்ததைப் பிடிக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, மூக்கு. மால்ட் குழம்பு 10 மி.லி. எடுத்து, லிட்டருக்கு 100 மில்லிகிராம் கணக்கில் பெருலிக் அமிலம் சேர்த்து, காலனியைப் போட்டு இரண்டு நாள் 25 டிகிரியில் வையுங்கள். மூடியைத் திறந்ததும் கிராம்பு வாசம் வந்தால், அது பெருலிக் அமிலத்தை வினைல்குவயகாலாக மாற்றுகிற ஈஸ்ட். லாகர் ஈஸ்டிலும் பெரும்பாலான ஏல் ஈஸ்டிலும் இந்தத் திறன் இல்லை. கோதுமை பீர் ஈஸ்டில் உண்டு, காட்டு ஈஸ்டுகள் பலவற்றிலும் உண்டு. மசாலா வறுக்கிற வாசத்தில் வளர்ந்த செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிராம்பைத் தனியாகப் பிரித்தறிய யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்தச் சோதனையில் அவர்கள் முந்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஈஸ்ட் போடாத குழாய் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றி முகரச் சொல்லுங்கள். எதிர்பார்ப்போடு முகர்ந்தால் வாசம் தானாக வரும்.

படி 5: பிசிஆர்

பெயர் தேவைப்படும்போதும், டயஸ்டாட்டிகஸ் சந்தேகம் வரும்போதும் இங்கே வாருங்கள்.

டிஎன்ஏ எடுக்க விலையுயர்ந்த கிட் வேண்டியதில்லை. ஒரு காலனியை 200 மில்லிமோலார் லித்தியம் அசிட்டேட்டும் 1 சதவீத எஸ்டிஎஸ்ஸும் கலந்த 100 மைக்ரோலிட்டரில் கரைத்து, 70 டிகிரியில் ஐந்து நிமிடம் வையுங்கள். 300 மைக்ரோலிட்டர் எத்தனால் ஊற்றிச் சுழற்றி, வீழ்படிவை 70 சதவீத எத்தனாலில் கழுவி, நீரில் கரைத்து மறுபடி சுழற்றினால் மேல்நீரில் 1 மைக்ரோலிட்டர் பிசிஆருக்குப் போதும்.

பெருக்கவேண்டிய பகுதியைக் குறிக்கும் பிரைமர்கள் ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4. ஒட்டும் வெப்பம் 55 டிகிரி, 35 சுற்று. டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் கோடுகளாக (பேண்ட்) காட்டும் ஜெல்லில் சாக்கரோமைசஸ் 850 முதல் 880 பேஸ் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) வரை வரும். டோருலாஸ்போரா 800, ஹான்சனியாஸ்போரா 750 அளவில். பிச்சியா மெம்பிரனிபேசியன்ஸ் 500, பிரெட்டனோமைசஸ் புருக்செலென்சிஸ் 485. கடைசி இரண்டையும் ஜெல்லில் பார்த்து மட்டும் பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஹேIII, ஹின்ப்I போன்ற வெட்டு நொதிகளால் வெட்டி, துண்டுகளை உங்கள் ஒப்பீட்டுக் கல்சரோடு பக்கத்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். செரிவிசியே ஹேIII வெட்டில் 320, 230, 180, 150 என்று நான்கு துண்டாகும். கலப்பினமான லாகர் ஈஸ்ட் இங்கே குழப்பும், அதற்குப் படி 4 தெளிவானது. காலையில் காலனியைத் தொட்டால் மாலைக்குள் ஜெல் படம் கையில் இருக்கும்.

அதற்கு மேலும் சந்தேகம் என்றால் 26எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவின் டி1/டி2 பகுதியை, சுமார் 600 பேஸ், பெருக்கிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வரிசையறிய அனுப்புங்கள். அறியப்பட்ட இனத்தோடு வேறுபாடு 1 சதவீதத்துக்குக் குறைவு என்றால் பெரும்பாலும் அதே இனம். இது இனத்தைச் சொல்லும், ரகத்தைச் சொல்லாது. செரிவிசியேக்குள்ளேயே இது நம் ரகமா என்று கேட்க இன்டர்டெல்டா பிசிஆர் வேண்டும்.

டயஸ்டாட்டிகஸைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவும் செரிவிசியேதான். லைசினில் தெரியாது, ஐடிஎஸ்ஸில் தெரியாது, மைக்ரோஸ்கோப்பில் தெரியவே தெரியாது. ஆனால் எஸ்டிஏ1 என்ற மரபணு வழியாக குளுக்கோஅமைலேஸை வெளியே விட்டு, சாதாரண ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரினையெல்லாம் சர்க்கரையாக்கித் தின்னும். பாட்டிலுக்குள் மெதுவாக, வாரக்கணக்கில். பீர் நீர்த்துப்போகும், வாயு ஏறும், திறந்தால் பொங்கும், சில நேரம் பாட்டிலே வெடிக்கும். எஸ்டிஏ1-க்கான பிசிஆர் சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். மரபணு இருக்கிறது என்று வந்தாலும் பதறி டேங்க்கைக் கொட்டிவிட வேண்டாம். சில ரகங்களில் இதன் முன்பகுதியில் 1162 பேஸ் விடுபட்டிருக்கும், அவை டெக்ஸ்ட்ரினை மிக மெதுவாகவே தொடும். டெக்ஸ்ட்ரினையோ ஸ்டார்ச்சையோ மட்டும் உணவாகக் கொடுத்த தட்டில் அது உண்மையில் வளர்கிறதா என்றும் பாருங்கள். முடிவு வரும்வரை டேங்க் பூட்டியே இருக்கட்டும்.

பிசிஆரின் பொதுவான பலவீனம், செத்த செல்லின் டிஎன்ஏவையும் அது பெருக்கும். பாஸ்சரைஸ் செய்த பீரில் நேர்மறை வந்தால் அது உயிருள்ளதன் அடையாளம் ஆகாது. டிஎன்ஏ ஊற்றாத ஒரு குழாய் ஒவ்வொரு ஓட்டத்திலும் கட்டாயம். அதில் பேண்ட் தெரிந்தால் அன்றைய வேலை முழுவதும் குப்பைக்கு.

மால்டி-டாப் பற்றியும் கேட்பார்கள். காலனியை பார்மிக் அமிலத்தில் பிழிந்து, புரதங்களின் எடைக் கோலத்தைப் பதிவில் உள்ளதோடு ஒப்பிடும் கருவி. மதிப்பெண் 2-ஐத் தொட்டால் இனம் வரை நம்பலாம், 1.7-க்கும் 2-க்கும் நடுவில் என்றால் பேரினம் மட்டும். சில நிமிட வேலை. ஆனால் மருத்துவமனைகளுக்காகத் தொகுத்த பதிவில் பீர் ஆலை ஈஸ்டுகள் சொற்பமாகவே இருக்கும், உங்கள் ரகத்தின் கோலத்தை நீங்களே ஏற்றி வைத்தால்தான் பயன். சிறு ஆலைக்கு இதை வாங்கச் சொல்லி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 6: பதில் சொல்வது

"போடலாமா?" என்ற கேள்விக்கு அன்றைக்கே சொல்லக்கூடியது: உயிரோட்டம் 95 சதவீதத்துக்கு மேல், வடிவத்தில் சந்தேகம் இல்லை, இதே ஈஸ்டின் போன சுற்றுத் தட்டுகள் சுத்தம், எஸ்டிஏ1 இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால் போடலாம். தட்டுச் சோதனை எப்போதும் ஒரு சுற்று பின்தங்கித்தான் வரும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் விடாமல் பூசுங்கள். சந்தேகம் வந்த பிறகு பூசத் தொடங்கினால் ஐந்து நாள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

லைசினில் இரண்டு மூன்று காலனி வந்தால் அந்த ஈஸ்டை மறுபயன்பாட்டிலிருந்து நிறுத்திப் புதிய கல்சருக்குப் போங்கள். பீர் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் ஆக்சிஜன் தீர்ந்ததும் பிச்சியா போன்றவை ஒடுங்கிவிடும். டயஸ்டாட்டிகஸோ பிரெட்டனோமைசஸோ என்றால் கதை வேறு. டேங்க், குழாய், ரப்பர் வாஷர், நிரப்பும் இயந்திரம் என்று பின்னோக்கித் தேட வேண்டும், வாஷர்களை மாற்றியே ஆக வேண்டும்.

பிடித்த ஒவ்வொரு வெளி ஈஸ்டையும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் போட்டு வையுங்கள். தேதி, டேங்க் எண், எந்தத் தட்டில் வந்தது, கிராம்பு வாசம் உண்டா, பேண்ட் அளவு என்ன என்று குப்பியோடு சேர்த்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அதே காலனி மறுபடி தலைகாட்டினால், அது புதிதாக வந்ததா, ஆலைக்குள்ளேயே எங்கோ ஒளிந்திருந்ததா என்று சொல்ல அந்தக் குப்பி வேண்டும்.